தட்டு மாற்றி நிறுப்பது: புரோட்டானுக்குள் குவார்க்கின் ஓட்டத்தை அளக்கும் விதம்

கோடை விடுமுறைக்குத் தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு வந்திருந்த என் தங்கை மகன், பட்டாலையில் கேரம் பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “மாமா, புரோட்டானுக்குள்ள மூணு குவார்க் பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டு இருக்காம். எலக்ட்ரானை விட்டு அதை உடைச்சுப் பார்த்திருக்காங்களாம். சரிதானே?”

அணுக்கருவில் இருக்கும் துகள் புரோட்டான், அதற்குள் இருக்கும் இன்னும் சிறிய துகள் குவார்க். அவன் கேட்டதில் ஒரே மூச்சில் மூன்று தவறு. ‘மூணு’ என்பது பாதி உண்மை. ‘பம்பரம்’ என்பது ஆளை ஏமாற்றும் உவமை. ‘உடைச்சு’ என்பது நடக்கவே நடக்காதது. அவன் மேல் குற்றமில்லை. பாடப் படங்களிலும் காணொளிகளிலும் ஒரு வட்டத்துக்குள் மூன்று வண்ணக் கோலிகளைப் போட்டு, அம்புக்குறி ஒன்று வரைந்து, அதோடு விட்டுவிடுகிறார்கள். படம் மனதில் பதிந்துவிடுகிறது. அந்தப் படத்தை யார், எப்படி அளந்து சொன்னார்கள் என்ற கேள்வி மட்டும் யாருக்கும் எழுவதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். அன்று மாலை அவனுக்குச் சொன்னதை, சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

இருட்டு வளவில் பந்து எறிதல்

எங்கள் தாத்தா வீட்டு வளவில் பர்மா தேக்குத் தூண்கள் உண்டு. மின்சாரம் போன இரவுகளில் சிறுவர்கள் நாங்கள் ஒரு விளையாட்டு ஆடுவோம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று, டென்னிஸ் பந்தைத் திசை மாற்றி மாற்றி எறிவோம். உடனே ‘டக்’கென்று சத்தம் கேட்டுப் பந்து திரும்பி வந்தால் அங்கே தூண். சற்றுத் தாமதித்து எதிர்ச்சுவரில் அடித்தால் அங்கே இடைவெளி. பக்கவாட்டில் தெறித்துப் போனால் தூணின் விளிம்பு. ஒரு பந்து எதையும் சொல்லாது. நூறு பந்து எறிந்தவனுக்கு எத்தனை தூண், ஒவ்வொன்றும் எத்தனை பருமன் என்று சொல்லிவிட முடியும்.

இதற்குப் பெயர்தான் சிதறல். ஒன்றை எறிந்து, அது எந்தப் பக்கம், எவ்வளவு விலகிப் போகிறது என்று எண்ணி, எதன்மேல் பட்டது என்று கண்டுபிடிப்பது. தங்கத் தகட்டின்மேல் ஆல்ஃபா துகள்களை விட்டு, சில துகள்கள் வந்த வழியே திரும்பியதை வைத்து, 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுவுக்குள் சின்னஞ்சிறு கரு இருக்கிறது என்று சொன்னது இந்த வழியில்தான். 1953 முதல் எங்கள் ஊரில் இயங்கும் சிக்ரி போன்ற ஆய்வகங்களில் ஒரு பொடியின் படிக அமைப்பைப் பார்க்க எக்ஸ் கதிரை விட்டுப் பார்க்கிறார்களே, அதுவும் சிதறல்தான்.

எறியும் பொருள் போதுமான அளவு நுண்மையாக இருக்க வேண்டும். வாசலில் போட்ட கோலத்தின் புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி எண்ண முடியாது. ஊசிமுனை வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் புரோட்டானின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 30 கோடி மடங்கு. அந்த உள்ளங்கைக்குப் புரோட்டான் தட்டுப்படாது. எலக்ட்ரானுக்கும் அலைநீளம் உண்டு. ஆற்றல் கூடக் கூட அது குறுகும். 20 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு முடுக்கினால், அது புரோட்டானின் விட்டத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஊசி கிடைத்துவிட்டது.

மெல்லத் தட்டினால் உருண்டை, ஓங்கித் தட்டினால் உள்ளே

1950-களில் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஹோஃப்ஸ்டாட்டர் மிதமான ஆற்றலுள்ள எலக்ட்ரான்களைப் புரோட்டான்மேல் விட்டார். புரோட்டான் அடி வாங்கி நகர்ந்தது, ஆனால் முழுசாகவே இருந்தது. சிதறிய கணக்கிலிருந்து, அது ஒரு புள்ளி அல்ல, பருமன் உள்ள ஒன்று என்று தெரிந்தது. அதன் ஆரம் இன்றைய அளவீட்டில் ஏறத்தாழ 0.84 ஃபெம்டோமீட்டர். ஃபெம்டோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி பத்து லட்சத்தால் வகுத்தால் கிடைக்கும் நீளம்.

1967-இல் தொடங்கி, கலிஃபோர்னியாவில் 3 கிலோமீட்டருக்கும் நீளமான நேர்கோட்டு முடுக்கியில் ஜெரோம் ஃபிரீட்மன், ஹென்றி கெண்டல், ரிச்சர்ட் டெய்லர் குழுவினர் ஓங்கித் தட்டினார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான எலக்ட்ரான்கள் பெரிய கோணத்தில் திரும்பின. மெத்தென்ற உருண்டை ஒன்றின்மேல் பட்டால் அப்படித் திரும்பாது. உள்ளே கெட்டியான புள்ளிகள் இருந்தால்தான் திரும்பும். 1964-இல் மரே கெல்-மான், ஜார்ஜ் சுவைக் என்ற இரு இயற்பியலாளர்கள் தாளில் எழுதிய குவார்க்குகள் உண்மையிலேயே உள்ளே இருக்கின்றன என்பதற்கு அதுதான் சாட்சி. 1990-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஓங்கிய தட்டலுக்கு ஆழ் மீட்சியிலாச் சிதறல் என்று பெயர். ‘ஆழ்’ என்றால் உள்ளே வரை போவது. ‘மீட்சியிலா’ என்றால் தட்டிய பிறகு புரோட்டான் பழைய நிலைக்குத் திரும்பாதது.

அப்படியானால் உடைத்துத்தானே பார்க்கிறார்கள் என்று மருமகன் கேட்டான். தேங்காயை உடைத்தால் பருப்பும் நீரும் தனித்தனியாக வரும். புரோட்டானிலிருந்து ஒரு குவார்க்கைத் தனியாக எடுத்து மேசையில் வைக்கவே முடியாது. இழுக்க இழுக்க இழுவிசை குறையாது. இழுத்த ஆற்றலே புதிய குவார்க் இணைகளாக மாறி, ஓடும் குவார்க்கைப் போர்த்திவிடும். வெளியே வருபவை பையான் போன்ற முழுத் துகள்கள். ஆகவே குவார்க்கைப் பற்றிய செய்தி அடி விழுந்த அந்த நொடிக்கும் குறைந்த நேரத்தில்தான் இருக்கிறது. ஓடும் மின்விசிறியின் இறக்கைகள் மின்னல் வெட்டில் நின்றாற்போலத் தெரியுமே, அதுபோல. எலக்ட்ரானின் தட்டல் அத்தனை குறுகியது. அந்தக் கணத்தில் குவார்க் அக்கம்பக்கத்தை மறந்து தனியே நிற்பதுபோல அடி வாங்குகிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: எலக்ட்ரானை எறிகிறோம், திரும்பியதை எண்ணுகிறோம். ஆற்றல் கூடினால் பார்வை நுணுகுகிறது, நேரம் குறுகுகிறது. குவார்க்கை யாரும் வெளியே எடுக்கவில்லை.

ஓடுகிற காயை அடித்தால்

இங்கேதான் கேரம் பலகை உதவியது. பலகையில் பவுடர் தூவி, ஒரு கறுப்புக் காயை நடுவில் அசையாமல் வைத்து, ஸ்ட்ரைக்கரால் அடிக்கச் சொன்னேன். ஸ்ட்ரைக்கர் வந்த வேகமும் விலகிய கோணமும் தெரிந்தால், அது எந்த வேகத்தில் போகும் என்பது முடிவாகிவிடுகிறது. பிறகு நான் காயை ஒரு விரலால் தள்ளிவிட்டேன். அது ஓடும்போதே அவன் அடித்தான். கணக்கு மாறிப்போனது. எதிரே வந்த காயில் பட்டபோது ஸ்ட்ரைக்கர் துள்ளித் திரும்பியது. விலகி ஓடிய காயில் பட்டபோது சோர்ந்து தொடர்ந்தது. காயைப் பார்க்காமலே, ஸ்ட்ரைக்கரை மட்டும் பார்த்து, காய் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிடலாம்.

எலக்ட்ரான்தான் நம் ஸ்ட்ரைக்கர். அது வந்த ஆற்றல், போன ஆற்றல், விலகிய கோணம் மூன்றையும் அளந்தால், அடிபட்ட குவார்க்கின் உந்தம் கிடைக்கும். உந்தம் என்றால் ஓட்டத்தின் வலு. புரோட்டான் முழுவதும் ஒரு திசையில் வேகமாகப் பாய்வதாக வைத்துக்கொண்டு, அதன் மொத்த உந்தத்தில் இந்தக் குவார்க் எத்தனை பங்கைச் சுமந்தது என்று கணக்கிடுவார்கள். இதை உந்தப் பங்கு என்போம்.

கோடிக்கணக்கான அடிகளுக்குப் பிறகு இந்தப் பங்குகளை அடுக்கினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. எல்லாக் குவார்க்குகளின் பங்கையும் கூட்டினாலும் ஏறத்தாழ பாதிதான் வருகிறது. மிச்சப் பாதியை மின்னூட்டம் இல்லாத, எலக்ட்ரானின் கண்ணில் படாத ஏதோ ஒன்று சுமக்கிறது. அதுதான் குளுவான், குவார்க்குகளை ஒட்டி வைக்கும் விசையின் துகள். 1979-இல் ஹம்பர்க் ஆய்வகத்தில் அதன் நேரடித் தடயமும் கிடைத்தது. மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் வரும். மீதி அத்தனையும் உள்ளே நடக்கும் ஓட்டத்தின், ஒட்டுதலின் ஆற்றல். குவார்க்கும் அதன் எதிர்த்துகளான எதிர்க்குவார்க்குமாகக் கணந்தோறும் பிறந்து மறையும் இணைகளும் உண்டு. ‘மூன்று’ என்பது கூட்டிக் கழித்தபின் நிற்கும் மிச்சம். கல்யாண வீட்டில் வந்தவர் போனவரைக் கழித்து “வீட்டு ஆட்கள் மூன்று பேர்” என்று சொல்வதைப் போல. பந்தலுக்குள் அந்த நேரத்தில் எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்பது வேறு கணக்கு.

இது முன்பின் ஓட்டம். குவார்க் பக்கவாட்டிலும் அலைகிறது. ஒரு ஃபெம்டோமீட்டர் அளவு இடத்தில் அடைபட்ட எதுவும் அமைதியாக இருக்க முடியாது என்பது குவாண்டம் விதி. ஆனால் எலக்ட்ரானை மட்டும் பார்த்தால் பக்கவாட்டு அலைச்சல் தெரியாது. எலக்ட்ரானோடு சேர்த்து, அடிபட்ட குவார்க்கைப் போர்த்திக்கொண்டு வெளியே வரும் பையானையும் பிடிக்க வேண்டும். அடி விழுந்த திசைக்குப் பக்கவாட்டில் பையான் எவ்வளவு சாய்ந்தது என்று அளப்பார்கள். அந்தச் சாய்வில் ஒரு பகுதி குவார்க்கின் பழைய அலைச்சல், இன்னொரு பகுதி பையானாகத் திரளும்போது சேர்ந்தது. இரண்டாவதைத் தனியே அறிய எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதும் ஆய்வுகள் உதவுகின்றன. அங்கே தொடக்கத்தில் புரோட்டானே இல்லை, ஆகவே பழைய அலைச்சல் என்ற பேச்சும் இல்லை.

தற்சுழற்சி: பம்பரம் எதுவரை உதவும்

சுற்றும் பம்பரத்துக்குக் கோண உந்தம் உண்டு. கோண உந்தம் என்றால் சுழற்சியின் வலு. எலக்ட்ரான், குவார்க், புரோட்டான் எல்லாவற்றுக்கும் பிறவியிலேயே ஒரு கோண உந்தம் உண்டு. அதைத் தற்சுழற்சி என்கிறோம். பம்பரம் உதவுவது இந்த இடம் வரைதான். பம்பரத்தை வேகமாகவும் சுற்றலாம், மெல்லவும் சுற்றலாம், நிறுத்தியும் விடலாம். குவார்க்கின் தற்சுழற்சியைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ முடியாது. ஒரு திசையில், அதற்குரிய அலகில் அளந்தால் விடை இரண்டே இரண்டு: கூட்டல் ½ அல்லது கழித்தல் ½. மின்னூட்டம் எப்படி அதன் இயல்போ அப்படியே இதுவும். மேற்பரப்பு ஒன்று இருந்து அது சுற்றிக்கொண்டிருப்பதாக நினைக்கக் கூடாது.

இந்த இரண்டே விடைதான் அளப்பவருக்கு வரம். காரணம், ஒரு சின்னக் கூட்டல் கணக்கு. எலக்ட்ரான் குவார்க்கை நேரடியாகத் தொடுவதில்லை, ஃபோட்டான் என்னும் ஒளித்துகள் ஒன்றை அனுப்பித் தட்டுகிறது. ஃபோட்டானின் தற்சுழற்சி 1. அது கூட்டல் 1 ஆக வருகிறது என்று வையுங்கள். குவார்க் கழித்தல் ½ ஆக இருந்தால் இரண்டும் சேர்ந்து கூட்டல் ½. குவார்க்குக்கு அது அனுமதிக்கப்பட்ட விடை, ஃபோட்டானை வாங்கிக்கொள்ளும். குவார்க் கூட்டல் ½ ஆக இருந்தால் கூட்டுத்தொகை 1½. குவார்க்கால் அப்படி இருக்கவே முடியாது, ஆகவே வாங்கிக்கொள்ளாது. இந்த ஃபோட்டான் தனக்கு எதிர்த் தற்சுழற்சி உள்ள குவார்க்கை மட்டுமே தட்டும். சாவிக்கேற்ற பூட்டு.

தட்டு மாற்றி நிறுப்பது

இப்போது செய்ய வேண்டியது எளிது. எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை ஒரு பக்கமாக அணிவகுக்க வேண்டும், புரோட்டான்களையும் அப்படியே. இந்த அணிவகுப்புக்கு முனைவாக்கம் என்று பெயர். இரண்டும் எதிரெதிராக இருக்கும்போது எத்தனை சிதறல், ஒரே பக்கமாக இருக்கும்போது எத்தனை சிதறல் என்று எண்ண வேண்டும். வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்தால் வருவது சமச்சீரின்மை. குவார்க்குகள் புரோட்டானோடு ஒத்துப்போகின்றனவா, எதிர்க்கின்றனவா என்பதை அந்த ஒரே எண் சொல்லிவிடும்.

வித்தியாசத்தை ஏன் எடுக்க வேண்டும்? நேராக எண்ணினால் போதாதா? நகைக் கடையில் பெரியவர்கள் தராசைச் சந்தேகப்பட்டால், படிக்கல்லையும் பொருளையும் தட்டு மாற்றிப் போட்டு மறுபடி நிறுப்பார்கள். தராசின் கோணல் இரண்டு முறையும் ஒரே பக்கம் இழுக்கும், பொருளின் எடை மட்டும் பக்கம் மாறும். கோணல் தானாக அடிபட்டுப் போகும். துகள் கற்றை ஒரு மணி நேரத்துக்கு ஒருமாதிரி இருக்கும். உணர்கருவி காலையில் கூர்மையாக, மாலையில் மங்கலாக இருக்கும். தற்சுழற்சியைப் புரட்டிப் போட்டு மறுபடி எண்ணினால், இந்தக் கோணல்கள் கழிந்து குவார்க்கின் செய்தி மட்டும் மிஞ்சும். இந்தத் துறை முழுவதும் நிற்பது இந்த ஒரு பழக்கத்தின் மேல்தான் என்பேன்.

புரோட்டான்களை அணிவகுக்க வைப்பது எவ்வளவு பொறுமையான வேலை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். உறைந்த அம்மோனியாவைப் பெரிய ஜவ்வரிசி அளவு மணிகளாக்கி, கதிரூட்டிப் பதப்படுத்துவார்கள். வெள்ளையாக இருந்த மணிகள் ஊதா நிறமாகிவிடும். அவற்றை 1 கெல்வினுக்கும் கீழே குளிரவைத்து, பலமான காந்தப் புலத்தில் வைத்து, நுண்ணலை பாய்ச்சுவார்கள். அப்போதுதான் அம்மோனியாவிலுள்ள ஹைட்ரஜன் கருக்கள், அதாவது புரோட்டான்கள், கணிசமாக ஒரு பக்கம் திரும்பும்.

1988: கணக்கு உதைத்தது

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் ஐரோப்பிய மியூவான் கூட்டுக் குழு இப்படி ஒரு சோதனை நடத்தியது. எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 207 மடங்கு கனமான அதன் உறவுத் துகள் மியூவான். அம்மோனியா இலக்கை இரண்டு பாதியாக்கி, ஒன்றில் புரோட்டான்களை ஒரு பக்கமும் மற்றதில் எதிர்ப்பக்கமும் நிறுத்தி, ஒரே கற்றையை இரண்டின் ஊடாகவும் செலுத்தினார்கள். தட்டு மாற்றுவதை ஒரே நேரத்தில் செய்துவிட்ட மாதிரி.

புரோட்டானின் தற்சுழற்சி ½. மூன்று குவார்க்கில் இரண்டு ஒரு பக்கம், ஒன்று எதிர்ப்பக்கம் என்று கூட்டினால் சரியாக ½ வந்துவிடும் என்ற பாடம் அதுவரை இருந்தது. குவார்க்குகளின் வேகத்தைக் கணக்கில் சேர்த்தவர்கள்கூடப் பாதிக்கு மேல் குவார்க்கின் பங்காகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். 1988-இல் வந்த விடை: ஏறத்தாழ 14 சதவீதம். பிழை வரம்பைப் பார்த்தால் பூஜ்யமாகக்கூட இருக்கலாம். இயற்பியலாளர்கள் இதைத் தற்சுழற்சி நெருக்கடி என்றே அழைத்தார்கள்.

பிறகு ஹம்பர்க்கில் ஹெர்மிஸ் குழு, செர்னில் காம்பஸ் குழு, அமெரிக்காவில் ஜெஃபர்சன் ஆய்வகம் எனப் பல இடங்களில் அளந்தார்கள். இன்று குவார்க் தற்சுழற்சியின் பங்கு ஏறத்தாழ 30 சதவீதம் என்று நிலைத்திருக்கிறது. புரோட்டானின் குவார்க்குகளில் அப், டவுன் என்று இரு வகை. அப் குவார்க்குகள் மொத்தத்தில் புரோட்டானோடு ஒத்துத் திரும்புகின்றன, டவுன் குவார்க்குகள் எதிர்க்கின்றன. நியூயார்க் அருகே புரூக்ஹேவனில் முனைவாக்கிய புரோட்டான்களை ஒன்றோடொன்று மோதவிட்டபோது, குளுவான்களுக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தது. மூன்றாவதாக ஒரு கணக்கு மிஞ்சுகிறது: குவார்க்குகளும் குளுவான்களும் புரோட்டானுக்குள் சுற்றி வருவதால் உண்டாகும் கோண உந்தம்.

சுருக்கமாக: புரோட்டானின் ½ என்பது குவார்க்கின் தற்சுழற்சி, குளுவானின் தற்சுழற்சி, இரண்டும் சுற்றி ஓடும் ஓட்டம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. முதல் கணக்கு நன்றாக அளக்கப்பட்டுவிட்டது, இரண்டாவது ஓரளவு, மூன்றாவதுதான் கடினம்.

ஊருணியைச் சுற்றும் கூட்டம்

திருவிழா நாளில் ஊருணியைச் சுற்றி ஒரே திசையில் ஒரு கூட்டம் வலம் வருகிறது என்று வையுங்கள். தெற்கிலிருந்து வடக்கே ஒருவர் நேராக நடந்து வருகிறார். வலம் வருவோர் மேற்குக் கரையில் வடக்கே போவார்கள், கிழக்குக் கரையில் தெற்கே வருவார்கள். வருபவருக்குக் கிழக்கில் உள்ளவர்கள் எதிர்முகம், மேற்கில் உள்ளவர்கள் முதுகுப்பக்கம். எதிர்முகமாக வருபவர் இடித்தால் பலமாக இடிபடும். இடியின் வலுவை வைத்தே எந்தக் கரை என்று சொல்லலாம்.

புரோட்டானின் தற்சுழற்சியைக் கற்றைக்குக் குறுக்கே, மேல் நோக்கி நிறுத்தினால் இதே நிலைமை உண்டாகும். உள்ளே குவார்க்குகள் சுற்றி ஓடினால், ஒரு பக்கத்தில் அவை எலக்ட்ரானை எதிர்கொண்டு வரும், மறுபக்கத்தில் விலகிப் போகும். எதிரே வருபவற்றின் உந்தப் பங்கு கூடுதலாகத் தெரியும். அந்தக் கூடுதல் பங்கில் தேடினால், அடிபட்டவை ஒரு பக்கத்தில்தான் அதிகம் கிடைக்கும். அடிபட்ட குவார்க் வெளியேறும்போது, மிச்சமுள்ள புரோட்டான் அதைத் தன் மையத்தை நோக்கி இழுக்கும். கிழக்கில் அடிபட்டது மேற்கே சாயும். விளைவு, பையான்கள் இடமும் வலமும் சமமாக வராமல் ஒரு பக்கம் கூடுதலாக வரும். புரோட்டானைத் தலைகீழாகப் புரட்டினால் கூடுதலும் பக்கம் மாறும். இதற்கு 1990-இல் யோசனை சொன்னவர் டென்னிஸ் சிவர்ஸ். அவர் பெயரிலேயே சிவர்ஸ் விளைவு என்கிறார்கள்.

2005-இல் ஹெர்மிஸ் குழு ஹைட்ரஜன் இலக்கில் இதைக் கண்டது. நேர்மின் பையான்கள் தெளிவாக ஒரு பக்கம் சாய்ந்தன. எதிர்மின் பையான்களில் சாய்வு ஏறத்தாழ இல்லை. அதே காலத்தில் புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த டியூட்டீரிய இலக்கில் காம்பஸ் குழு தேடியபோது, பூஜ்யத்தை ஒட்டியே வந்தது. முரண்பாடு போலத் தெரியும், இல்லை. அப் குவார்க்கும் டவுன் குவார்க்கும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால், இரண்டும் கலந்த இலக்கில் ஒன்றையொன்று அடித்துவிடும். இரண்டு குழுக்களின் விடையையும் சேர்த்து வைத்தபோதுதான் இந்த எதிர்ச்சாய்வு பிடிபட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த இடம் இது. ஒரு குழுவின் ‘ஒன்றுமில்லை’யில்தான் மற்றக் குழுவின் ‘ஏதோ இருக்கிறது’க்கு விளக்கம் இருந்தது.

ஊருணி உவமையைப் பிடித்துக்கொண்டு, சாய்வின் அளவே சுற்றோட்டத்தின் அளவு என்று சொல்லிவிடக் கூடாது. சாய்வு, சுற்றோட்டம் உண்டு என்று காட்டுகிறது. எவ்வளவு என்று சொல்ல, இழுவிசையையும் கணக்கிட வேண்டும்.

நியூட்ரானை எங்கே பிடிப்பது?

“நியூட்ரானுக்கு என்ன செய்வாங்க மாமா?” என்றான் மருமகன். நல்ல கேள்வி. தனி நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரத்துக்குள் சிதைந்துவிடும். அதை இலக்காகச் சேர்த்து வைக்க முடியாது. ஹீலியம்-3 வாயு கைகொடுக்கிறது. அதன் கருவில் இரண்டு புரோட்டான், ஒரு நியூட்ரான். புரோட்டான்கள் இரண்டும் பெரும்பாலும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். தற்சுழற்சிக் கணக்கில் மிஞ்சுவது நியூட்ரான் மட்டும். அந்த வாயுவை முனைவாக்கினால், நியூட்ரானை முனைவாக்கிய மாதிரிதான்.

சுற்றோட்டத்தின் அளவையும் குளுவானின் பங்கையும் தீர அறிய, எலக்ட்ரானையும் புரோட்டானையும் முனைவாக்கி எதிரெதிராக மோதவிட வேண்டும். அதற்கான இயந்திரத்தைப் புரூக்ஹேவனில், இப்போதுள்ள 3.8 கிலோமீட்டர் வளையச் சுரங்கத்திலேயே அமைக்க 2020-இல் முடிவெடுத்தார்கள். அது ஓடத் தொடங்குவது 2030-களில். மருமகன் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தான். பிறகு காயை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஸ்ட்ரைக்கரின் சத்தத்தை மட்டும் வைத்துக் காய் எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லப் பழகத் தொடங்கினான். பத்தில் ஏழு முறை சரியாகச் சொன்னான்.